மூணே முக்கால் அடி

ஆவணி 8, திங்கள்

வருங்காலத் தலைமுறைக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் தென்காசியில், என் அக்கா ஆவுடையின் வீட்டுப் புறவாசலில் நடக்கப்போகும் சரித்திரத்தை உள்ளது உள்ளபடி எழுதப்போகிறேன். ஒருவரும் நம்பப்போவதில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. பாபநாசம் மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத பேருந்தை ஒற்றை விசிலால் நிறுத்திய நடத்துனன் பிரமநாயகம் நான்தான். அதையே இந்த உலகம் நம்பவில்லை.

நம்பாதவர்களில் முதல்வர் அக்காவின் கணவர் குற்றாலலிங்கம் அத்தான். நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு சென்ட் இடத்தை யாராவது ஒன்றே கால் என்று சொல்லிவிட்டால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. நான் பேச ஆரம்பித்தால் போதும், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். "நூறு பேரு இல்லடே, பதினேழு பேரு." "மலைப்பாதை இல்லடே, ஆத்துப்பாலம். பிரேக்கும் பிடிச்சுது." அக்காவைக் கட்டிய நாள் முதல் அவருக்கு இதே வேலை. அவர் வெட்டிக் குறைத்துவிடுவார் என்ற தைரியத்தில்தான் நானும் எதையும் கொஞ்சம் நீளமாகவே சொல்லிப் பழகிவிட்டேன்.

இப்போது வெட்ட ஆள் இல்லை. சித்திரையில் அவருக்குக் கழுத்தில் ஒரு கட்டிக்காகத் திருநெல்வேலியில் ஆபரேஷன் நடந்தது. கெட்ட கட்டி இல்லை என்று தெரிந்ததும் பிள்ளையாருக்கு ஆயிரம் தேங்காய் உடைத்தேன். ஆனால் குரல் மட்டும் போனபடி திரும்பவில்லை. மெலிந்து, உடைந்து, பாதி காற்றாக வந்தது. வந்ததை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டுதான் இருந்தார். ஒருநாள் சிலிண்டர் பதிவு செய்ய போன் போட்டிருக்கிறார். எதிர்முனையில் இருந்தவன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்கம்மா, நாளைக்கு வந்திரும்மா" என்று சொல்லியிருக்கிறான். அத்தான் போனை வைத்தார். அன்றைக்கு மூடிய வாய்.

பேசப் பேசத்தான் தொண்டை நரம்பு வேலை செய்யும், சும்மா விட்டால் சோம்பிப்போய்விடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். அத்தான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்திருக்கிறார்.

வரும் ஞாயிறு, அத்தானின் ஒரே மகள் செண்பகத்தின் குழந்தைக்குப் பெயர் வைக்கிறார்கள். தலைப்பிரசவத்துக்கு வந்தவள் பெண் பிள்ளை பெற்றுப் பின்கட்டு அறையில் படுத்திருக்கிறாள். மாப்பிள்ளையின் அப்பா உயிரோடு இல்லை. எனவே குழந்தையின் காதில் மூன்று தடவை பெயரைச் சொல்ல வேண்டியவர் அத்தான் ஒருவர்தான். பெண் பிறந்தால் வைக்கப் பெயரையும் மார்கழியிலேயே அவரே எடுத்துவைத்துவிட்டார்: குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மன் பெயர். தொண்டை நன்றாக இருந்த காலத்தில் எடுத்த முடிவு. இப்போது யோசித்தால், ஜில்லாவிலேயே இதைவிட நீளமான பெயர் கிடையாது.

நான் பையைக் கீழே வைப்பதற்குள் அக்கா சொன்னாள்:

"ஞாயித்துக்கெழம அவுக சொல்ல மாட்டாவளாம். உன்னையச் சொல்லச் சொல்லுதாவ."

"வாயால சொன்னாகளா?"

"வெரலால."

புறவாசலைச் சீர்செய்யத்தான் என்னை வரவழைத்திருப்பதாக ஊருக்குச் சொல்லியிருக்கிறாள். பெயர் வைப்பும் பந்தியும் அங்கேதான். போய்ப் பார்த்தேன். அது புறவாசல் அல்ல. மேற்குமலைக் காடு கோபித்துக்கொண்டு இறங்கிவந்து அக்கா வீட்டுக்குப் பின்னால் குடியிருக்கிறது. நடுவே துவைகல், ஓரமாகக் குளியலறை, மூலையில் இதுவரை ஒரு பிஞ்சுகூட விடாத ஒட்டுமாமரம். மற்றதெல்லாம் கோவைக்கொடியும் உடைந்த ஓடும்.

நாளை படையெடுப்பு.

ஆவணி 9, செவ்வாய்

கொத்தனார் இசக்கியும் அவர் ஆட்கள் இரண்டு பேரும் வந்தார்கள். என் தலைமையில் காட்டை அழித்தோம். நான் ஒருவனே எண்பது கூடை சப்பும் சவறும் அள்ளினேன்.

அத்தான் மாமரத்தடியில் நாற்காலி போட்டு, மடியில் அளவு டேப்புடன் உட்கார்ந்திருந்தார். தரையில் பதிக்கும் கடப்பாக்கல் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும், தண்ணீர் எந்தப் பக்கம் வாட்டமாக ஓட வேண்டும், எல்லாம் அவர் கணக்கு. ஆனால் சொல்ல வாய் இல்லையே. கையைத் தட்டினார். சாரலும் கடப்பாரையும் சேர்ந்து போட்ட சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. இசக்கி வாட்டத்தை நேர் எதிர்ப்பக்கம் எடுத்துக்கொண்டிருந்தார். அத்தான் எழுந்து குறுக்கே போய் நின்றார், முகமெல்லாம் சிவந்துபோய்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. பெரிய யோசனைகள் எனக்கு இப்படித்தான், கூப்பிடாமலே வரும். பையிலிருந்த என் பழைய நடத்துனர் விசிலை எடுத்துத் துடைத்து அவர் கையில் கொடுத்தேன்.

"ஒரு விசில்னா நிறுத்து. ரெண்டு விசில்னா போலாம். தெரியும்லா அத்தான்?"

சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு பாருங்கள், ஒரு விசிலுக்கு இசக்கியின் கடப்பாரை அந்தரத்தில் நின்றது. இரண்டு விசிலுக்கு இறங்கியது. மத்தியானத்துக்குள் வாட்டம் சரியாகிவிட்டது.

டீ குடிக்கும்போது நான் இசக்கியிடம், "சர்வீஸ்ல இருந்தப்போ இந்த ஒத்தக் கையால ஒரு பஸ்ஸையே தூக்கி டயர் மாட்டினேன்" என்று சொல்லி முடிக்கவில்லை, பின்னாலிருந்து ஒரு விசில். திரும்பிப் பார்த்தேன். அத்தான் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு ஓரத்தில் ஒரு சின்னச் சுழிப்பு.

அதன்பிறகு இன்று முழுவதும் தேவைக்கு அதிகமாகவே அளந்துவிட்டேன். ஒன்றுக்கும் தவறாமல் விசில் வந்தது.

ஆவணி 10, புதன்

இன்று நான் செத்துப் பிழைத்தேன்.

துவைகல்லை நகர்த்த வேண்டும் என்று அத்தான் டேப்பால் காட்டினார். கல்லுக்கு அடியில் கடப்பாரையை விட்டு நெம்பினோம். அடியிலிருந்து புறப்பட்டது பாருங்கள், ஒரு ராஜநாகம். ஒன்பது அடிக்குக் குறையாது. படத்தை விரித்து, என் கண்ணை நேருக்கு நேர் பார்த்து, நான் யார் என்று விசாரித்தது. நான் பின்வாங்கவில்லை. எதிரியின் நடமாட்டத்தைச் சற்று உயரமான இடத்திலிருந்து கவனிக்கலாம் என்று குளியலறைக் கூரைமேல் ஏறினேன்.

அக்கா வாளியும் கையுமாக வந்து பார்த்தாள்.

"சாரப்பாம்புடா. எலி திங்க வரும், போவும். எறங்கு கீழ. ஓடு ஒடஞ்சிராம."

"சாரையா? அக்கா, அது என்னயப் பாத்துச் சீறிச்சு."

"நீ போட்ட சத்தத்துல அதுக்கு ஈரக்கொல நடுங்கியிருக்கும்."

அதற்குள் பாம்பு சுவரோரமாகப் போய், செங்கல் அடுக்குக்குப் பின்னால் மறைந்துவிட்டது. செண்பகம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாக, "எவ்வளவு நீளம் மாமா?" என்று கேட்டாள். கூரையிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் அதிகாரபூர்வமாக அறிவித்தேன்: "பதினோரு அடி."

அத்தான் நீளமாக, ஒரே ஒரு விசில் அடித்தார். குழந்தை திடுக்கிட்டு அழுதது. அவர் சட்டென்று விசிலைப் பைக்குள் போட்டுவிட்டு ஜன்னலருகே போனார். குழந்தையின் உள்ளங்காலை ஒரு விரலால் தடவிக்கொடுத்தார். குழந்தை அழுகையை நிறுத்தவில்லை. வேறு யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் ஏதாவது ஒரு சத்தம் கொடுப்பார்கள். "ச்சோ" என்றாவது சொல்வார்கள். அத்தான் வாயைத் திறந்தார், செண்பகத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து டேப்பை இழுத்து இழுத்துச் சுருட்டினார்.

நான் கூரையிலிருந்து இறங்கினேன். ஓடு இரண்டுதான் உடைந்தது.

ஆவணி 11, வியாழன்

இன்று கொலை முயற்சி. பலி: ஒட்டுமாமரம்.

காய்க்காத மரத்தை மிரட்டும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் உண்டு. ஒருவன் அரிவாளை எடுத்துக்கொண்டு, இன்றோடு உன்னை ஒழித்துவிடுகிறேன் என்று மரத்தின் மீது பாய வேண்டும். இன்னொருவர் ஓடிவந்து கையைப் பிடித்து, "விட்டுரு, வெட்டாத, வாற வருசம் காய்க்கும், நான் பொறுப்பு" என்று மரத்துக்காகக் கெஞ்ச வேண்டும். மரம் பயந்து, அடுத்த வருடம் காய்த்துவிடும். முன்பு இதே வீட்டில் ஒரு முருங்கைக்கு நானும் அத்தானும் இதைச் செய்து, அத்தான் கெஞ்சிய கெஞ்சலில் தெருவே கூடி, உண்மையிலேயே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று கயிறு எடுத்துவந்தார்கள். அந்த முருங்கை பிறகு காய்த்துத் தள்ளியது.

கெஞ்ச வேண்டியவர் வாயைத் திறந்துதானே ஆக வேண்டும். யோசித்துப் பாருங்கள் என் மூளையை.

இசக்கியிடம் சொல்லிவைத்தேன். அக்காவிடம் சொல்லிவைத்தேன். அக்கா நம்பிக்கையே இல்லாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள், ஆனால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசல்படியில் நின்றாள். செண்பகமும் ஜன்னலுக்கு வந்தாள்.

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அரிவாளைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தேன். என் கர்ஜனையில் குற்றாலத்தில் குரங்குகள் மரத்திலிருந்து விழுந்ததாக மாலையில் செய்தி வந்தது.

"எத்தன வருசமா தண்ணி குடிச்சிட்டு நிக்கே. ஒரு பிஞ்சு விட்டியா? இன்னையோட ஒன்னய வெட்டி வெறகாக்கிருதேன் பாரு."

அரிவாளை ஓங்கினேன். அத்தான் எழுந்தார். எனக்கு நன்றாகத் தெரிகிறது, அவர் தொண்டை அசைகிறது. இரண்டடி முன்னால் வந்தார். வாய் திறந்தது. நான் அரிவாளை இன்னும் ஒரு முழம் மேலே தூக்கி, பொறுமையாக நின்றேன்.

அத்தானின் கை சட்டைப் பைக்குள் போயிற்று.

ஒரு விசில்.

மரம் பிழைத்தது. இசக்கி மட்டும், "வண்டி நின்னுட்டுல்லா அண்ணாச்சி" என்றார். அக்கா உள்ளே போனாள். நான் பின்னாலேயே போனேன். அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் பேசினாள்:

"அவுகளப் பேச வைக்கத்தான ஒன்ன வரச்சொன்னேன்? நீ வந்து அந்த மனுசன் வாயில விசில வச்சுட்ட. திங்கக்கெழம வரைக்கும் தண்ணி வேணும்னா எங்கிட்ட வந்து கையக் காட்டுவாவ. நாமளும் ஒரு வார்த்த பேசுவோம். இப்போ இருந்த எடத்துலருந்தே விசிலு. நான் என்ன, பஸ்ஸா?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. பதினைந்து பதில்கள் இருந்தன. அவற்றைச் சொல்லாமல் விட்டது என் பெருந்தன்மை.

ஆவணி 12, வெள்ளி, காலை

அக்கா என்னோடு பேசவில்லை. இட்லி மட்டும் வந்தது.

ஆவணி 12, வெள்ளி, மாலை

கடப்பாக்கல் பதித்து முடிந்தது. அத்தானின் கணக்குப்படி ஒரு செம்புத் தண்ணீரை மாமரத்தடியில் ஊற்றினால் அது யாரையும் கேட்காமல் நேராகச் சாக்கடைக்குப் போகிறது. அரண்மனைகளில்கூட இப்படி ஒரு தளம் கிடையாது. சுவருக்கு வெள்ளையடித்தோம். நான் அடித்த பகுதியைத் தவிர மற்றதெல்லாம் நன்றாக வந்திருக்கிறது.

செங்கல் அடுக்கைப் பிரித்தபோது அந்தப் பாம்பு உரித்துவிட்டுப் போன சட்டை கிடைத்தது. கிழியாமல், தலை முதல் வால் வரை. இசக்கி அதைக் கம்பால் எடுத்துச் சுவர்மேல் போட்டார். சற்றுக் கழித்து நான் பார்க்கும்போது, அத்தான் டேப்போடு அந்தச் சுவர்ப் பக்கம் தனியாகக் குனிந்து நின்றுகொண்டிருந்தார். கல் இடைவெளியை அளந்திருப்பார்.

குளியலறைக் குழாயில் ஒரு கோளாறு. மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு நான் மாமரத்தடியில் படுத்திருந்தேன். அத்தான் துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார். காலையிலேயே குளித்தவர். கதவைச் சாத்தி, குழாயை முழுதாகத் திறந்துவிட்டார். வாளியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம். அதற்கு அடியில் குழாய் என்னவோ முனகியது. காற்று அடைத்திருக்கிறது போல. "கு... கு..." என்றது. நின்றது. மறுபடியும் "குழ..." என்றது. வயதான குழாய்.

அக்கா கொல்லைப்படிக்கு வந்தாள். "எவ்வளவு நேரமா தண்ணி கொட்டுது. டாங்கி காலியாயிரும். அவுகளா உள்ள இருக்காவ?" என்று கதவைத் தட்டப்போனாள். நான் பாய்ந்துபோய்க் குறுக்கே நின்றேன்.

"விடுக்கா. கொட்டட்டும்."

"கொட்டட்டுமா? கைப்பிள்ளைக்காரி வீட்டுல இருக்கா, துணி அலசணும்."

"நான் கெணத்துலருந்து எறச்சுத் தாரேன்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் அறிந்தவரை நான் கிணற்றில் தண்ணீர் இறைத்தது கிடையாது. வீட்டில் கிணறே கிடையாது. பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள். நான் பக்கத்துத் தெருவிலிருந்து முந்நூறு குடம் சுமந்தேன். இன்னும் தோள் வலிக்கிறது.

குழாய்க்காரனைக் கூப்பிட வேண்டாம் என்று நினைக்கிறேன். தானாகவே சரியாகிவிடும்.

ஆவணி 13, சனி

காலையில் மாப்பிள்ளை கைலாசம் வந்துவிட்டார். வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு எங்களோடு மண்ணில் இறங்கினார். நல்ல பிள்ளை. சுவரோரமாகப் பிச்சிக்கொடி, செம்பருத்தி, கறிவேப்பிலைக் கன்று, குளியலறைத் தண்ணீர் போகும் வழியில் இரண்டு வாழை. செண்பகம் நிழலில் உட்கார்ந்து, மடியில் குழந்தையோடு, எல்லாவற்றுக்கும் குறை சொன்னாள். "அந்தச் செம்பருத்தி கோணலா இருக்கு மாமா." "மனுசங்களே கோணலா இருக்கோம், செம்பருத்தி இருந்தா என்ன?" சாரலும் விட்டுவிட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்தோம்.

அப்போது அத்தான் சட்டைப் பையைத் தடவினார். வேட்டி மடிப்பைத் தடவினார். நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தார். விசிலைக் காணோம்.

எல்லோரும் தேடினோம். நான் எல்லோரையும்விட மும்முரமாகத் தேடினேன். காக்கை கொண்டுபோயிருக்கும் என்றேன். பாம்பு விழுங்கியிருக்கலாம் என்றும் ஒரு கருத்தை முன்வைத்தேன். பதினாறு அடிப் பாம்புக்கு ஒரு விசில் பெரிய விஷயம் இல்லை. அத்தானின் கை தன்னால் பைக்குப் போய், வெறுமையாக வெளியே வந்தது. அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். நான் வாழைக்கன்றைப் பார்த்தேன்.

எழுந்து அறைக்குள் போனவர் மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. அக்கா போய்க் கூப்பிட்டாள். பிறகு நான் போனேன். கட்டிலில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் என் நெஞ்சை நோக்கி ஒரு விரலை நீட்டினார். பிறகு அந்த விரலால் தன் காதைத் தொட்டார். நாளைக்கு நீதான் சொல்ல வேண்டும்.

"சரி அத்தான்" என்றேன். "நானே சொல்லுதேன். ஆனா நான் சொன்னா எனக்குப் பிடிச்ச பேரத்தான் சொல்லுவேன். மூணு தடவ காதுல விழுந்திட்டுன்னா அப்புறம் மாத்த முடியாது, ஒங்களுக்கே தெரியும். பிரமநாயகின்னு வைக்கலாம்னு இருக்கேன். கூப்பிட வசதியா 'பிரமு'. நல்லா இருக்கும்லா?"

அத்தானின் கண் விரிந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை. தன் வீட்டில் தினமும் ஒரு சின்ன பிரமு ஓடியாடுவதை அவர் மனக்கண்ணில் பார்த்துவிட்டார் போல. கையை வேகமாக ஆட்டினார், கூடாது என்று.

"அப்போ நீங்க சொல்லுங்க."

கை நின்றது. அந்தக் கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டார், ஆபரேஷன் தழும்பின் மேல். தலையை ஆட்டினார். இல்லை. நான் அங்கே இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தால் விசில் இருக்கும் இடத்தைச் சொல்லியிருப்பேன், எனக்குத் தெரிந்திருந்தால். வெளியே வந்துவிட்டேன்.

அக்கா படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு?"

"பேசிட்டு இருந்தோம்" என்றேன்.

ஆவணி 14, ஞாயிறு

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், அவசரப்படக் கூடாது.

பந்தல் போட்டு, மாவிலை கட்டி, வாழையிலையில் நெல் பரப்பி, கும்பம் வைத்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் இருநூறு பேர் வந்திருந்தார்கள். குழந்தை பட்டுப்பாவாடையில் சுற்றப்பட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. நல்ல நேரம் தொடங்கக் கொஞ்சம் இருந்தது. எல்லோரும் அத்தானைப் பார்த்தார்கள். அவர் மாமரத்தடி நாற்காலியில், புது வேட்டி சட்டையில், கல்லில் செதுக்கியது போல் உட்கார்ந்திருந்தார். அக்கா சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். என்னைப் பார்த்து என்ன பயன்?

மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர் புதுத் தளத்தைக் காலால் தட்டிப் பார்த்து, "வேல சுத்தமா இருக்கே" என்றார். "இந்த எடத்துல ஏதோ பாம்பு வந்துதாமே" என்றும் கேட்டார்.

கேட்டது அவர். நானாக ஆரம்பிக்கவில்லை.

"பாம்பா? உக்காருங்க அண்ணாச்சி" என்றேன். "இந்தத் தொவகல்லு தெரியுதுல்லா? இதுக்கு அடியில வாலு. தல எங்க இருந்துது தெரியுமா? அந்தா, மாமரத்து மூட்டுல. நடு ஒடம்ப எங்க வச்சிருந்துதுன்னு இன்னை வரைக்கும் தெரியல. இருபத்திரெண்டு அடி."

பெரியப்பா வாயைப் பிளந்தார். நாற்காலிப் பக்கம் என் காது இருந்தது. ஒன்றும் இல்லை.

"இருபத்திரெண்டுன்னு நான் மரியாதைக்குச் சொல்லுதேன். பொம்பளைங்க பயந்திரக் கூடாதுல்லா. உள்ளதச் சொன்னா முப்பது. அது எந்திரிச்சு நின்னப்போ இந்த வீட்டு மொட்டமாடி எனக்கு மறஞ்சிட்டு. நான் அது கழுத்தப் பிடிச்சு..."

ஓரக்கண்ணால் பார்த்தேன். அத்தானின் கை சட்டைப் பைக்குப் போயிற்று. பையைத் துழாவியது. வெறுமையாக வந்தது. மறுபடியும் போயிற்று. அவர் காதுமடல் சிவக்கிறது. தாங்க முடியவில்லை, பாவம். வாழ்நாளெல்லாம் நிலத்தை விரல்கடை சுத்தமாக அளந்த மனிதர்.

"முப்பத்தாறு அடிப் பாம்ப இந்தக் கையாலயே சுருட்டி..." என்றேன்.

"சட்டையே மூணே முக்கால் அடிதாம்டே."

புது மூங்கில் ஏணியில் கனத்த ஆள் ஏறினால் ஒரு சத்தம் வருமே, அப்படி ஒரு குரல். முதலில் யார் பேசியது என்று யாருக்கும் புரியவில்லை. அத்தானுக்கே புரியவில்லை என்று நினைக்கிறேன். கை இன்னும் சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது.

அக்கா சந்தனக் கிண்ணத்தை மெதுவாக மடியில் இறக்கி வைத்தாள். எங்கள் அக்கா சாமர்த்தியசாலி. அழவில்லை, ஆச்சரியப்படவில்லை. நேற்றும் பேசியவரிடம் கேட்பது போலக் கேட்டாள்:

"எத்தன அடின்னிய?"

"மூணே முக்கால்."

"நாலுன்னு வச்சுக்கலாமே அத்தான்" என்றேன்.

"வைக்கக் கூடாது. மூணே முக்கால். டேப்பு வச்சு அளந்தேன்." நடுவில் ஒரு இடத்தில் குரல் ஒடிந்து, காற்று மட்டும் வந்தது. அவர் எச்சில் விழுங்கிவிட்டு மீதியையும் சொன்னார். அளவு விஷயத்தில் பாதியில் விடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. "ராஜநாகமும் இல்ல. சார. இவன் கூரமேல ஏறி ரெண்டு ஓட்ட ஒடச்சான்."

செண்பகம் குழந்தையோடு முன்னால் நகர்ந்து வந்தாள். "அப்பா, அது எந்தப் பக்கமா போச்சு?" "வடக்க." "பெறவு?" "செங்கலுக்குள்ள." மாப்பிள்ளையும் புரிந்துகொண்டு, "என்ன நெறம் மாமா?" என்று கேட்டார். வீடே சேர்ந்து அந்த அப்பாவிச் சாரைப்பாம்பின் பிறப்பு வளர்ப்பு முழுவதையும் விசாரித்தது. அத்தான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.

பெரியப்பாவுக்கு மட்டும் விவரம் தெரியாது. "தொண்ட கட்டியிருக்கே, சளியோ?" என்றார். நான் அத்தானைத் திரும்பிப் பார்த்தேன்.

"சளி இல்ல" என்றார் அத்தான். "ஆபரேசன்."

"அப்படியா. சுக்குக் கசாயம் குடிங்க" என்றார் பெரியப்பா. அவ்வளவுதான். உலகம் இடிந்து விழவில்லை. யாரும் அவரை அம்மா என்று கூப்பிடவில்லை.

நல்ல நேரம் வந்தது. செண்பகம் குழந்தையை நெல்மேல் கிடத்தினாள். அத்தான் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிரமநாயகியை நினைத்துக்கொண்டார் போல. குனிந்தார்.

முதல் தடவை "குழல்" மட்டும் வந்தது. வாய்மொழி காற்றாகப் போய்விட்டது. இரண்டாவது தடவை முழுதாக வந்தது, நடுவில் ஒரு பிசிறோடு. மூன்றாவது தடவை நான் நின்ற இடம் வரை கேட்டது. குழந்தை ஒரு கண்ணைத் திறந்து, கையை வீசி அவர் மூக்குக்கண்ணாடியைத் தட்டியது. முதல் தடவை சரியாக விழவில்லை என்று அவர் நான்காவது தடவையும் சொன்னார். கணக்குச் சரியாக இருக்க வேண்டும் அல்லவா.

பந்தியில் நான் அறுபது வடை சாப்பிட்டேன். "எட்டு" என்று பக்கத்து இலையிலிருந்து குரல் வந்தது.

சாயங்காலம் எல்லோரும் போனபிறகு கடப்பாக்கல் மேல் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தோம். மாமரத்தடியில் வெள்ளையாகப் பூ உதிர்ந்து கிடந்தது. என் மிரட்டலுக்குப் பயந்து மரம் ஆவணியிலேயே பூத்துவிட்டது என்று அறிவித்தேன். "அது அடுத்த வீட்டு முருங்கப்பூ" என்றார் அத்தான். இன்றைக்கு நிறையப் பேசிவிட்டதால் குரல் தேய்ந்திருந்தது. அக்கா சுடுதண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, நாளையிலிருந்து டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்யப்போவதாகச் சொன்னார். குளியலறையில் வேண்டாம், வெளியிலேயே செய்யுங்கள், டாங்கி தாங்காது என்றாள் அக்கா. அப்படியானால் அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

என் வேட்டி மடிப்பிலிருந்து என்னவோ கல்லில் விழுந்து ஒலித்தது. விசில். அது எப்படி அங்கே வந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அக்கா எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அத்தான் கேட்கவில்லை.

வருங்காலத் தலைமுறையே, இதில் எதையும் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. ஆயிரம் தேங்காய், எண்பது கூடை, முந்நூறு குடம், இருநூறு பேர், எல்லாவற்றையும் உங்கள் வசதிப்படி வெட்டிக்கொள்ளுங்கள். ராஜநாகத்தையும் விட்டுவிடுங்கள். ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் சத்தியம்: அந்தப் பாம்பின் சட்டை மூணே முக்கால் அடிதான். என் அத்தான் அவர் வாயால் சொன்னார்.